நூற்றி இருபதுக்கு எண்பது

ஒரு நாட்டின் நாகரிகத்தை அதன் கோபுரங்களை வைத்து அளக்கக் கூடாது. மருந்தகங்களை வைத்தே அளக்க வேண்டும். சாவுக்கும் மனிதனுக்கும் நடுவே ஒரு கண்ணாடி மேசையைப் போட்டு, அதன் பின்னால் வெள்ளைக் கோட்டோடு நிற்கிறானே, அவன்தான் இந்த நூற்றாண்டின் காவல் தெய்வம்.

ஆரையம்பதியில் 'கோணாமலை நவீன மருந்தகம்' திறக்கப்பட்ட அன்று அதன் அதிபர் கோணாமலை ஆற்றிய உரை இப்படித்தான் தொடங்கியது. அதற்கு மேல் தொடரவில்லை. கரண்ட் நின்று ஒலிபெருக்கி செத்துவிட்டது. காவல் தெய்வம் வாயை அசைப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சனங்கள் கற்கண்டும் வாழைப்பழமும் எடுத்துக்கொண்டு கலைந்தார்கள்.

கரண்ட் அதன் பிறகும் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். போகும்போது ஒரு நாள் குளிர்ப்பெட்டியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. இன்சுலின் வைக்கவென்று கொழும்பிலிருந்து லொறியில் வந்த அந்தப் பெட்டிக்குள் இப்போது சீதேவியின் மத்தியானச் சோற்றுப் பார்சல் இருந்தது. கடைக்குள் எலி எட்டாத இடம் அது ஒன்றுதான். சீதேவி குளிசைகளைக் காகித உறைகளில் போட்டுக் கொடுப்பவள். சண்டையில் புருசனை இழந்தவள், வாயை இழக்காதவள்.

நடுச்சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு சான்றிதழ் தொங்கியது. மருந்தகம் நடத்துவதற்குப் படித்துப் பாஸ் பண்ணிய ஒருவர் வேண்டும் என்பது சட்டம். அப்படிப் பாஸ் பண்ணிய தங்கராசா கனடாவுக்குப் போய்க் கனகாலம். அவருடைய பெயர் இருந்த இடத்தை மறைக்கக் கோணாமலை ஒரு பிளாஸ்டிக் மாலையைப் போட்டிருந்தார். வெளியூர்க்காரர் அதைப் பார்த்துவிட்டு, "ஆர் மோசம் போன?" என்று குரலைத் தாழ்த்தி, செத்தவர் யாரென்று விசாரிப்பார்கள்.

கோணாமலை படித்தது கொழும்புப் புறக்கோட்டையில், ஒரு மொத்த மருந்துக் கடையில் பெட்டி கட்டி. எந்தக் குளிசை எந்த வருத்தத்துக்கு என்பதைப் பெட்டி கட்டியபடியே காதால் கேட்டுக் கற்றார். எண்பத்து மூன்று கலவரத்தில் உயிரும் ஒரு பயணப் பையுமாக ஊருக்கு ஓடி வந்தவர், கடையைத் திறந்து வெள்ளைக் கோட்டைப் போட்டதும் ஊர் அவரை 'டொக்டர்' என்றது. முதலில் கேலியாகத்தான் சொன்னார்கள். அவர் அதைக் கேலியாக எடுக்கவில்லை என்று தெரிந்ததும் வெட்கப்பட்டு மரியாதையாகவே சொல்லத் தொடங்கினார்கள்.

டொக்டர் என்று கூப்பிட்டவனுக்கு வாயால் பதில் சொல்வது பதவிக்கு அழகல்ல என்பது அவருடைய கொள்கை. தலையை மெல்லக் கீழே இறக்குவார். ஒரு கணம் அங்கேயே நிறுத்துவார். பிறகு மெல்ல மேலே ஏற்றுவார். கடை வாசலால் போகிற வருகிற எல்லோருக்கும் அது கிடைத்தது. யாரும் கும்பிடாத நேரத்திலும், கும்பிட மறந்தவர்களுக்கு நினைவூட்டவென்று, அவர் முந்திக்கொண்டு தலையசைப்பார்.

"இந்தா ரோட்டால போற மாட்டுக்கும் ஆட்டிட்டீங்க," என்பாள் சீதேவி. "அது உங்கட கிட்ட மருந்து வாங்கினதோ?"

நவீன மருந்தகத்தின் நவீனம் முழுவதும் பிரஷர் பெட்டிக்குள் இருந்தது. பெட்டியைத் திறந்தால் பாதரசத் தூண் எழுந்து நிற்கும். கைப்பட்டியைச் சுற்றி, பந்தை அமுக்கி, காதில் குழாயை மாட்டிக்கொண்டு கோணாமலை கண்ணை மூடுவார். அந்த நேரம் கடைக்குள் ஒருவரும் இருமவும் கூடாது.

அவருக்கு அந்தக் குழாயில் ஒரு நாளும் ஒன்றும் கேட்டதில்லை.

புறக்கோட்டையில் பழையதாக வாங்கிய குழாய் அது. கடை திறந்த நாளில் அலங்காரத்துக்காக ஆணியில் மாட்டினார். தொண்ணூறாம் ஆண்டு ஊரே அகதியாக ஓடியபோது அது ஆணியிலேயே தொங்கியது. திரும்பி வந்த பிறகு, பிரஷர் பெட்டி ஒன்று கையில் அகப்பட்டபோதுதான் முதல் முறை காதில் வைத்தார். பேரமைதி. முதலில் கலங்கினார். பிறகு யோசித்துப் பார்த்து, பெரியாஸ்பத்திரி டொக்டர்மாருக்கும் இதில் ஒன்றும் கேட்காது, அவர்களும் முகத்தைத்தான் அப்படி வைத்துக்கொள்கிறார்கள் என்ற முடிவுக்கு வந்தார். தொழில் ரகசியம். ஆகவே எல்லோருக்கும் நூற்றி இருபதுக்கு எண்பது என்று சொன்னார். அந்த எண்ணைக் கேட்டு ஒருவரும் கோபித்துக்கொண்டு போனதில்லை.

இவ்வளவோடு நின்றிருந்தால் காரியமில்லை. ஊரில் யாராவது காயப்பட்டுப் பிழைத்த கதை வந்தால், கோணாமலை கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு, "வெடிபட்ட ஆக்களுக்கு நான் வெடி எடுத்த காலமும் ஒண்டு இருந்த," என்று தொடங்குவார். எந்தக் காலம், யாருடைய உடம்பிலிருந்து குண்டு எடுத்தது என்று கேட்டால் தலையை இறக்கி ஒரு கணம் நிறுத்துவார். அவர் தன் வாழ்நாளில் வெளியே எடுத்த மிகப் பெரிய பொருள் மீன்முள். அதுவும் சொந்தக் காலில்.

ஒரே ஒரு காரியத்தைப் பற்றி மட்டும் அவர் வாய் திறப்பதில்லை. அது உண்மையாகவே செய்த காரியம்.

அந்த வருசங்களில் வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரை ஆமியிடமும், அந்தப் பக்கம் படுவான்கரை புலிகளின் இயக்கத்திடமும் இருந்தன. மண்முனைத் துறையில் தோணி ஏறுகிறவர்களைச் சென்றிக் காவலரணில் நிறுத்திப் பையைக் கொட்டிப் பார்ப்பார்கள். பற்றரி போகக் கூடாது. யூரியாப் பசளை போகக் கூடாது. டொக்டர் துண்டும் ஆமி அனுமதியும் இல்லாமல் மருந்து போகவே கூடாது. அக்கரையில் காய்ச்சலில் கிடக்கிற பிள்ளைக்குக் கொடுக்கிற கிருமிக் குளிசையை, காயப்பட்ட போராளியும் தின்னலாம் அல்லவா? குளிசைக்கு ஆள் தெரியாது.

கண்ணகை என்று ஒரு பெண் அக்கரையிலிருந்து வருவாள். வயல் வட்டைக்குள் குடிசை. நெஞ்சுச் சளியோடு இழுக்கிற ஒரு மகள். கோணாமலை அவளிடம் ஒன்றும் பேசுவதில்லை, தலையும் அசைப்பதில்லை. திரைக்குப் பின்னால் குளிசை அட்டைகளை வைத்துவிட்டு வந்துவிடுவார். அவள் உள்ளே போய்த் தன் அடர்ந்த கொண்டையை அவிழ்த்து, அட்டைகளை உள்ளே வைத்து மறுபடி முடிந்துகொண்டு போவாள். அவள் போன அன்று முழுவதும் கோணாமலைக்குச் சோறு இறங்காது. ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டால் கால் தன்பாட்டில் அலுமாரிக்குப் பின்னால் போகும்.

"இவ்வளவு பயமெண்டா என்னத்துக்குக் குடுக்கிறீங்க?" என்று சீதேவி ஒரு நாள் கேட்டாள்.

"சத்தம் போடாதகா!" என்றார் கோணாமலை.

தொண்ணூற்றாறாம் ஆண்டு, மாரி தொடங்கும் காலம். கண்ணகை வந்து போன மறுநாள் காலை. காத்தான்குடிப் புடவை வியாபாரி உசனார் வழக்கம்போலப் பிரஷர் பார்க்க வந்து கதிரையில் உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டினார்.

"டொக்டர், தலை ஒரே சுத்து. கண்ணுக்குள்ள பூச்சி பறக்குது."

"உப்பைக் குறைங்க காக்கா. கருவாட்டை விடுங்க."

"கருவாட்ட விட்டுட்டு ஹயாத்தோட இருந்து என்ன செய்யிற?"

கோணாமலை கண்ணை மூடினார். உசனார் இருமலை அடக்கிக்கொண்டார். கண்ணைத் திறந்தார்.

"நூற்றி இருபதுக்கு எண்பது. இருவது வயசுப் பொடியன்ட பிரஷர்."

"எங்கட வீட்டுக்காரிக்கும் இதத்தானே சொன்னீங்க?"

"ரெண்டு பேரும் ஒரே கறிதானே தின்றீங்க."

உசனார் திருப்தியோடு கையை இறக்கினார். அப்போதுதான் சந்தியில் நாய்கள் குரைத்தன. எப்போதும் குரைப்பதுபோல இல்லை. எல்லா நாயும் ஒரே பக்கம் பார்த்துக் குரைத்தன. பிறகு எல்லாம் ஒன்றாக நிறுத்தின. நாய்கள் நிறுத்தியதுதான் பயமாக இருந்தது. ரோட்டில் ஒரு சைக்கிள் கீழே விழுந்து சில்லு சுற்றிக்கொண்டு கிடந்தது. ஓட்டி வந்தவனைக் காணவில்லை.

"ரவுண்டப்," என்றாள் சீதேவி, சத்தமில்லாமல்.

ஜீப்பின் ஒலிபெருக்கி கொச்சைத் தமிழில் கத்தியது. ஆம்பிளை எல்லாம் பள்ளிக்கூட மைதானத்துக்கு வர வேண்டும். வராதவன் புலி. ஒலிபெருக்கிக்கு மட்டும் அன்று கரண்ட் நிற்கவில்லை.

கோணாமலை கோட்டைக் கழற்றப் போனார்.

"கழட்டாதீங்க!" என்றாள் சீதேவி. "வெள்ளக் கோட்டக் கண்டா மதிப்பானுகள்."

மதிப்பார்கள் என்று அவரும் நம்பினார். கோட்டோடு போனார்.

மைதானத்தில் ஆண்களை வரிசையாகக் குந்த வைத்திருந்தார்கள். துப்பாக்கிகள் சுற்றி நின்றன. வேலிக்கு அப்பால் பெண்கள் வாயில் சீலைத் தலைப்பை வைத்துக்கொண்டு நின்றார்கள். மைதானத்து ஓரத்தில், வாகை மரத்துக்குக் கீழே ஒரு கதிரை. அதில் ஒரு மனிதன். தலையில் கழுத்து வரைக்கும் சாக்குப் பை. கண்ணுக்கு இரண்டு ஓட்டை.

தலையாட்டி. யாரென்று ஒருவருக்கும் தெரியாது. பிடிபட்டு அடிதாங்காமல் உட்கார்ந்திருக்கிறவனாக இருக்கலாம்; அடுத்த வீட்டுக்காரனாக இருக்கலாம். ஒவ்வொருவராக எழும்பி அவன் முன்னால் போய் நிற்க வேண்டும். சாக்கு அசையாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். சாக்கு மேலும் கீழும் அசைந்தால் ட்ரக்டர் பெட்டியில் ஏற வேண்டும். ஏறியவர்களில் சிலர் திரும்பி வந்ததுண்டு. சிலரை வாவி கொண்டுவந்து கொடுத்ததுண்டு.

வரிசை நகர நகரக் கோணாமலையின் மனம் துறைக்குப் போனது. கண்ணகை சென்றியில் பிடிபட்டிருப்பாள். கொண்டையை அவிழ்த்திருப்பார்கள். கடையின் பெயரைச் சொல்லியிருப்பாள். மனதுக்குள் தனக்குத் தெரிந்த எல்லாத் தெய்வங்களையும் கூப்பிட்டார். காவல் தெய்வம் என்ற பட்டியலில் தன் பெயரையும் சேர்த்திருந்தது அப்போது நினைவுக்கு வரவில்லை.

அவருடைய முறை வந்தது. சாக்குக்கு முன்னால் நின்றார். ஓட்டைகளுக்குள் இரண்டு கண்கள் ஈரமாக மினுங்கின. ஒரு மனிதன் தன் முகத்தை நேரே பார்க்கிறான். கோணாமலையின் மூளை பயத்தில் உறைந்து கிடந்தது; ஆனால் கழுத்து தன் பழக்கத்தை விடவில்லை. தலை மெல்லக் கீழே இறங்கியது. ஒரு கணம் நின்றது. மெல்ல மேலே ஏறியது.

சாக்குக்குள் இருந்தவனும் மரியாதை தெரிந்தவன்போல. அவனும் தலையசைத்தான்.

"நகின்ட!" என்று சிங்களத்தில் ஏறச் சொல்லி ஒரு சிப்பாய் கத்தி அவருடைய பிடரியைப் பிடித்து ட்ரக்டர் பெட்டிக்குள் தள்ளினான். மற்றவர்களுக்குப் பொறுக்கவில்லை. ஊர் ஒன்றாக எழுந்தது.

"சேர், அவர் டொக்டர் சேர்!" என்று கையைக் கூப்பினார் உசனார். அடையாள அட்டையில் முஸ்லிம் பெயரைப் பார்த்து அவரை அப்போதுதான் ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள்.

"டொக்டர்! டொக்டர்!" என்று வரிசை முழுதும் சொன்னது.

வேலிக்கு வெளியே சீதேவி பிரஷர் பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். எப்போது கடைக்கு ஓடினாள், எப்போது வந்தாள் என்று தெரியாது. பெட்டியின் மேல் குழாய் மாலைபோலத் தொங்கியது.

"சும்மா டொக்டரில்ல சேர்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். "வெடிபட்ட ஆக்களுக்கு வெடி எடுத்த கை சேர் அது!"

ஜீப்புக்குப் பக்கத்தில் நின்ற கப்டன் முதல் முறையாகத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஒரு விரலை நீட்டினார். சிப்பாய் ஒருவன் போய் வேலியால் பெட்டியை வாங்கி வந்து கோணாமலையின் மடியில் வைத்தான். ட்ரக்டர் கிளம்பியது.

முகாம் வாவிக்கரையில், ஒரு காலத்தில் நெல்லாலையாக இருந்த கட்டடத்தில் இருந்தது. அவரை விட்ட அறையில் இன்னும் தவிட்டு மணம் இருந்தது. சுவரில் மனித உயரத்துக்குக் கைகளின் அழுக்குப் பட்டிருந்தது. அவர் அந்த அழுக்கைப் பார்ப்பதைத் தவிர்த்து ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலுக்கு அப்பால் வாவி. அதற்கப்பால் பச்சைக் கோடாகப் படுவான்கரை. பக்கத்து அறையில் யாரோ "அம்மா" என்றான். கத்தவில்லை, சாதாரணமாகக் கூப்பிடுவதுபோலச் சொன்னான். பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

கப்டன் வந்தார். கூட ஒரு மருத்துவ சார்ஜன்ட். சிலாபத்துப் பக்கத்து ஆள், தமிழ் தெரியும். வாசலில் துப்பாக்கியோடு இரண்டு சிப்பாய்கள்.

"நீ டொக்டரா எண்டு சேர் கேக்கிறார்," என்றார் சார்ஜன்ட்.

இந்தக் கேள்வியைப் பெரிய இடத்தில் யாராவது கேட்க வேண்டுமென்று கோணாமலை எத்தனையோ வருசம் ஏங்கியிருக்கிறார்.

"இல்ல சேர்."

"ஊரே சொல்லுது."

"ஊர் சும்மா சொல்லுது சேர்."

"வெடி எடுத்ததாம்?"

"பொய் சேர்."

"ஆர் சொன்ன பொய்?"

கோணாமலை கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றினார்.

"நான்தான் சேர்."

சார்ஜன்ட் அதைச் சிங்களத்தில் சொன்னார். கப்டன் சிரிக்கவில்லை. நிதானமாக ஏதோ பேசினார். சார்ஜன்ட் திருப்பிச் சொன்னார்: அக்கரையில் காயப்பட்ட புலிகளுக்கு வைத்தியம் பார்க்க இக்கரையிலிருந்து ஒரு டொக்டர் தோணியில் போய் வருகிறார் என்று தகவல் இருக்கிறது. பெயர் தெரியாது. நடுத்தர வயது. பார்த்தால் பெரிய மனிதத் தோற்றம். கேட்டால் டொக்டர் இல்லை என்றுதான் சொல்வார்.

பெரிய மனிதத் தோற்றம். கண்ணாடி முன்னால் நின்று கோட்டுப் பொத்தானை ஒவ்வொன்றாகப் பூட்டிய காலைகளெல்லாம் கோணாமலையின் முன்னால் வந்து நின்றன. முதுகைக் கூனினார். வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துப் பார்த்தார். எவ்வளவு முயன்றும் தோற்றம் போக மறுத்தது.

"சேர், நான் பெட்டி கட்டினவன் சேர். சுவரில தொங்கிற பேப்பரும் என்டதில்ல. மாலையத் தூக்கிப் பாருங்க, தங்கராசா எண்டு இருக்கும். எனக்கு ஒண்டும் தெரியா."

"ஒண்டும் தெரியாதவன் பிரஷர் பாக்கிறியா?"

கப்டன் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து சட்டையின் மேல் பொத்தான்களைக் கழற்றிக் கையை நீட்டினார். "பார்," என்றார் தமிழில்.

படித்த கை தன்னை ஒளிக்க முடியாது என்பது கப்டனின் கணக்கு. ஆனால் பழகிய கையும் ஒளிக்காது. கோணாமலை பட்டியைச் சுற்றிய அழகு, பந்தை அமுக்கிய தாளம், கண்ணை மூடிய பக்குவம் எல்லாம் பெரியாஸ்பத்திரி நிபுணரைத் தோற்கடிக்கும்படி இருந்தன. சார்ஜன்டும் கப்டனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

குழாய்க்குள் பேரமைதி. கோணாமலைக்கு வேறு எண் தெரியாது.

"நூற்றி இருபதுக்கு எண்பது."

சார்ஜன்டின் முகம் மாறியது. "காலமை நான் பாத்தது நூற்றி எழுபதுக்கு நூற்றிப் பத்து."

கப்டன் மெதுவாகக் கையை இழுத்துக்கொண்டார். அவர் சொன்னதைச் சார்ஜன்ட் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. கை சரியாக வேலை செய்கிறது, வாய் பொய் சொல்கிறது. தெரியாதவன் மாதிரி நடிக்கிற தேர்ந்த டொக்டர். வாசலில் நின்ற சிப்பாய் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினான்.

"நான் நடிக்கல்ல சேர்!" என்று கோணாமலை அழுதார். "எனக்கு ஒரு நாளும் கேட்டதில்ல! ஒருத்தருக்கும் கேக்காதுதானே சேர்?"

சார்ஜன்ட் அவரை விநோதமாகப் பார்த்தார். குழாயைப் பிடுங்கித் தன் காதில் வைத்தார். விரலால் தட்டினார். முகத்தைச் சுளித்தார். பிறகு குழாயின் நுனியை மேசையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு ஒரு கம்பியை உள்ளே விட்டுக் கிண்டினார். காய்ந்த மண் பொலபொலவென்று கொட்டியது. மண்ணோடு செத்துச் சுருண்ட சிலந்திகள் விழுந்தன. குளவிக் கூடு. அகதியாக ஊர் ஓடிய காலத்தில் ஆணியில் தொங்கிய குழாய்க்குள் குளவி குடியேறியிருந்தது.

சார்ஜன்ட் குழாயை ஊதித் துடைத்துக் கோணாமலையின் காதில் மாட்டினார். மறுமுனையைக் கப்டனின் திறந்த நெஞ்சில் வைத்து அழுத்தினார். "இப்ப கேட்டுச் சொல்லு."

கோணாமலை வழக்கம்போலக் கண்ணை மூடினார்.

டும்.

வாவிக்கரை மனிதருக்கு அந்தச் சத்தம் தெரியும். தொலைவில், நிலத்துக்கு அடியிலிருந்து வருவதுபோல ஒரு டும். அது புறப்படுகிற சத்தம். பிறகு ஒரு சின்ன இடைவெளி. அந்த இடைவெளிக்குள் பிள்ளையை எடுத்துக்கொண்டு பங்கருக்குள் விழுந்தால் உயிர். விழாவிட்டால் இல்லை.

டும். டும். டும்.

"ஷெல்!" என்று கோணாமலை அலறினார். "ஷெல் வருது! விழுங்க! விழுங்க!"

மேசைக்கு அடியில் பாய்ந்தார். அந்த அலறலில் இருந்த பயம் கலப்பில்லாதது. அதை எந்த மொழிக்காரனும் நம்புவான். வாசல் சிப்பாய்கள் இருவரும் துப்பாக்கியை விட்டுவிட்டுக் குப்புற விழுந்தார்கள். வெளியே யாரோ விசில் ஊதினான். சப்பாத்துகள் நாலு பக்கமும் ஓடின. கோணாமலை கண்ணைத் திறந்தபோது, மேசைக்கு அடியில் தனக்கு மிகப் பக்கத்தில், திறந்த சட்டையோடு, இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு கப்டன் கிடந்தார். கைப்பட்டி அவருடைய கையிலேயே தொங்கியது.

ஒன்றும் விழவில்லை. ஒரு பல்லி மட்டும் சுவரில் சொல்லியது.

சார்ஜன்ட் நின்ற இடத்திலேயே நின்றார். குனிந்து மேசைக்கு அடியில் பார்த்து, இரண்டு மொழியிலும் சொன்னார்:

"அது சேர்ட இதயம்."

கப்டன் எழுந்து முழங்காலைத் தட்டினார். பொத்தான்களைப் பூட்டினார். ஒரு பொத்தானை மாற்றிப் பூட்டிவிட்டு மறுபடி கழற்றிப் பூட்டினார். தன்னைத் தரையில் படுக்க வைத்தவனை ஒரு கப்டன் என்ன செய்வார் என்று கோணாமலைக்குத் தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரியும். கோட்டுக்குக் கீழே காற்சட்டை வெதுவெதுப்பாக நனைந்து வருவதை உணர்ந்தார்.

கப்டன் ஏதோ சொன்னார். சார்ஜன்ட் சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தார்:

"இவன்தான் புலிகளுக்கு வைத்தியம் பாக்கிறவனெண்டா, எங்களுக்கு வேல குறைவு. விட்டுடச் சொல்றார். ஆனா ஒண்டு. இந்த அறைக்குள்ள நடந்த வெளிய வந்தா, மறுபடி ட்ரக்டர் வரும்."

கோணாமலை தலையசைக்கப் போனார். பாதியில் கழுத்தைப் பிடித்து நிறுத்திக்கொண்டு, "ஓம் சேர்," என்றார்.

முகாம் வாசலில் சீதேவியும் ஊர்ப் பெண்களும் நின்றார்கள். கோணாமலை நடந்து வருவதைக் கண்டதும் ஒப்பாரிக்குத் தயாராக வைத்திருந்த மூச்சையெல்லாம் ஒன்றாக விட்டார்கள். அவருடைய கையில் பிரஷர் பெட்டி பத்திரமாக இருந்தது.

"கப்டனுக்குப் பிரஷர் பாத்தீங்களோ?" என்றாள் சீதேவி.

"ஓம்."

"மறுகா?"

"மறுகா ஒண்டுமில்ல. விடு கதைய."

இதற்கு மேல் ஊருக்கு என்ன வேண்டும்? கோணாமலை கடைக்குப் போய்ச் சேருவதற்குள் அவர் கப்டனின் உயிரைக் காப்பாற்றியிருந்தார். மாலைக்குள் கப்டன் அவருடைய காலில் விழுந்திருந்தார். அவர் தன்னடக்கமாகப் பேசாமல் இருப்பதைச் சனங்கள் வியந்தார்கள். வெடி எடுத்த கதையையும் அவர் அதன் பிறகு சொல்லவில்லை. கேட்டால் முகம் வெளிறி உள்ளே போனார். உண்மையான பெரிய மனிதன் இப்படித்தான் இருப்பான் என்று பேசிக்கொண்டார்கள்.

தலையசைப்பு மட்டும் நின்றுபோனது. யார் கும்பிட்டாலும் கழுத்தைக் கட்டைபோல வைத்துக்கொண்டு, "வாங்க, வாங்க," என்று வாயால் சொன்னார். முகாமில் பிடரியில் அடித்துவிட்டார்கள் என்று ஊர் பரிதாபப்பட்டது. கடைக்கு வருகிறவர்களின் கண்களை மட்டும் அவர் கூர்ந்து பார்த்தார். இருமலுக்குப் பாணி மருந்து கேட்கிறவனின் கண்ணா? பல்வலிக்குக் குளிசை கேட்கிறவனின் கண்ணா? ஈரமாக மினுங்கிய கண்கள் அந்த ஊரில் நிறையப் பேருக்கு இருந்தன.

அடுத்த கிழமை உசனார் வந்து கதிரையில் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால், அலுமாரியோரம், கண்ணகை வந்து நின்றாள். அவள் பிடிபடவில்லை. பிள்ளைக்கு இழுப்புக் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று சீதேவியிடம் மெதுவாகச் சொன்னாள். ஆனால் குளிசை முடிந்துவிட்டது. சீதேவி அவரைப் பார்த்தாள். அவர் ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு உள்ளே போய், திரைக்குப் பின்னால் அட்டைகளை வைத்துவிட்டு வந்தார். ஒரு அட்டை கீழே விழுந்தது. குனிந்து எடுத்து அதையும் வைத்தார்.

"கப்டனுக்குப் பாத்த கை. எனக்கும் ஒருக்கா வடிவாப் பாருங்க டொக்டர்," என்றார் உசனார்.

கோணாமலை பட்டியைச் சுற்றினார். பந்தை அமுக்கினார். குழாயைக் காதில் மாட்டிக் கண்ணை மூடினார்.

டும்.

மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். குழாயைக் கழற்றினார். "பொறுங்க காக்கா," என்று சொல்லிவிட்டுப் பஞ்சுச் சுருள் இருந்த பக்கம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்து மறுபடி மாட்டினார். இம்முறை அவருடைய முகத்தில் பழைய சாந்தம் இருந்தது.

"நூற்றி இருபதுக்கு எண்பது," என்றார். பிறகு, இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றையும் சொன்னார்: "எண்டாலும் காக்கா, ஒருக்கா பெரியாஸ்பத்திரிக்கும் போய்க் காட்டுங்க."

"அது ஏன்? அங்க என்ன புதுசாக் கேக்கப் போகுது?"

"போங்க காக்கா. இண்டைக்கே போங்க."

உசனார் சட்டைக் கையை இறக்கிக்கொண்டு எழுந்தார். திரைக்குப் பின்னாலிருந்து கண்ணகை கொண்டையை முடிந்துகொண்டு வெளியே வந்து, ஒருவரையும் பார்க்காமல் துறைப் பக்கம் நடந்தாள்.

குழாய்க்குள் கோணாமலை பஞ்சு அடைத்திருந்தார்.